மார்க் வராத பரீட்சை

நாமகிரிப்பேட்டையிலிருந்து மலையடிவாரத்துக்குப் பிரிகிற ரோட்டு முக்கில் ஆடி மாசத்தில் யாரும் பிளக்ஸ் கட்ட மாட்டார்கள். கட்சிக்காரர்களே சுவரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆடிக்காற்று அப்படி. சின்னண்ணன் அதையெல்லாம் யோசிக்கிற ஆளில்லை. இரண்டு சவுக்குக் கம்பை ஆழ நட்டு, காற்று நுழைந்து போக அங்கங்கே பிறை போல வெட்டிவிட்டு, பன்னிரண்டடி பிளக்ஸை விறைப்பாகக் கட்டிவிட்டான்.

'உலக அறிவியல் தேர்வுக்கு இந்தியாவின் சார்பில் தேர்வாகியிருக்கும் எங்கள் குலவிளக்கு செல்வி மு. அபிநயாவை வாழ்த்தி மகிழும் தாய்மாமன்.'

ஒரு மூலையில் உலக உருண்டை, இன்னொரு மூலையில் ராக்கெட். நடுவில் யூனிபாரத்தில் அபிநயா. அவளைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னண்ணன். பண்ணை பண்ணையாகப் போய் முட்டை ஏற்றி ராசிபுரம், ஆத்தூர் கடைகளுக்குப் போடும் குட்டியானை வண்டி அவனுடையது. வண்டியின் போட்டோவும் கீழே இருந்தது. பெற்றது இரண்டும் பையன்கள். அக்கா மகள் மேல் அவனுக்கு இருந்த பிரியத்துக்குப் பன்னிரண்டடி போதாது என்பதுதான் உண்மை.

ஆனால் அந்தக் குலவிளக்கு ஒன்பதாவது முழுப்பரீட்சையில் அறிவியலில் வாங்கியது நாற்பத்தொன்று.

விஷயம் இதுதான். பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். எந்த தேசத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு. எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் பொறுக்கிவிடும். அதற்கு முதல் மார்க்கும் தெரியாது, கடைசி பெஞ்சும் தெரியாது. அப்படிப் பொறுக்கியதில் அபிநயாவின் பெயர் விழுந்தது. பிரேயரில் ஜெயப்பிரியா டீச்சர் பெயர்களை வாசித்தார். அத்தனை வருஷத்தில் நேரங்கழித்து வந்தவர்கள் வரிசையைத் தவிர வேறெதிலும் அவள் பெயர் பிரேயரில் வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், "நா செலக்ட் ஆயிட்டேன்" என்று கத்தினாள். சின்னண்ணனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பிளக்ஸ் கட்டிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கோழிச் செட்டுக்கு வந்தாள். அப்பா முருகானந்தமும் அம்மா தெய்வநாயகியும் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கூண்டு, நடுவில் ஆள் போகும் வழி, கோழிகள் ஓயாமல் போடும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அந்தக் குடும்பத்துக்கே தொண்டை பெரிசு.

"அம்மா, மாமனக் கூப்புட்டு அதக் கழட்டச் சொல்லு."

"எதச் சாமி?"

"முக்குல கட்டி வெச்சிருக்குதே, அத. பஸ்ஸுல ஏறுனா, 'இந்தியா வந்துருச்சு, எடம் உடுங்கடா'ங்கறாங்க."

"எடம் உட்டாங்களா?" என்று கேட்டார் முருகானந்தம், கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தபடி.

"அப்பா! நா ஒண்ணும் ஜெயிச்சு வல்ல. குலுக்குச் சீட்டுல உழுந்த பேரு. ஷாலினி தொண்ணூத்தெட்டு எடுக்கறா, அவளுக்கு உழுகல. எனக்கு உழுந்துருச்சு. அவ்வளவுதான்."

"சீட்டு உழுகறதுக்கும் ஒரு யோகம் வேணுமல்லொ. செரி, மார்க்கு எப்ப வரும்?"

"வராதுங்கப்பா."

"வராதுன்னா?"

"யாருக்கும் தனியா மார்க்கு கெடையாது. பாஸு, பெயிலு, ரேங்க்கு, ஒண்ணும் இல்ல. மொத்தமாப் பாத்து, இந்த ஊருப் புள்ளைங்களுக்கு இது தெரியுது, இது தெரியலைன்னு சொல்லுவாங்களாமா."

முருகானந்தம் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்கேஜி பிள்ளைக்கே ரேங்க் கார்டு கொடுக்கிற ஜில்லா இது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஊர்ப் பெயர் கண்ணில் படுமுன் முதல் மார்க் வாங்கியவர்களின் முகம்தான் படும். இங்கே வந்து மார்க் வராத பரீட்சை என்றால், தாலி கட்டாத கல்யாணம் என்று சொன்ன மாதிரி.

"மார்க்கே போடாத பரீட்சைக்குப் போயி உங்க மாமன் இத்தாச்சோடு பெரிய போர்டு கட்டியிருக்கறான் பாரு" என்று சிரித்தார். அபிநயாவும் சிரித்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பரீட்சை பிடித்திருந்தது. ஜெயப்பிரியா டீச்சர் மாதிரிக்குச் சில கேள்விகள் கொடுத்திருந்தார். எதற்கும் புத்தகத்தில் பதில் இல்லை. ஒரே விதையை இரண்டு தொட்டியில் போட்டு, ஒன்றுக்கு மட்டும் வெயில் காட்டினால் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒன்று. மனப்பாடம் செய்ய ஏதும் இல்லாததால் மறந்துபோகவும் ஏதும் இல்லை. பாதிக் கேள்வி புரியவில்லைதான். ஆனால் புரியாததைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பயமாக இல்லை, அதுவே அவளுக்குப் புதிது.

பொழுது சாய்ந்து தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை முழுக்கத் தீவன மாவு என்பதால் முருகானந்தம் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். பள்ளித் தாளாளர்.

"ரோட்டு முக்குல போர்டு பாத்தேன், ரொம்ப சந்தோஷம். ஒரு சின்ன விஷயம். திங்கக்கிழமை பரீட்சைக்குப் பாப்பாவ அனுப்ப வேண்டாம்."

"எதுக்குங்க சார்?"

"இது நம்ம பள்ளிக்கூடத்தோட பேரு சம்பந்தப்பட்டது. நல்லாப் படிக்கிற பசங்க எழுதினாப் போதும். வயித்துவலின்னு ஒரு லீவு சொல்லிடுங்க. இன்னும் நாலஞ்சு பேர் வீட்டுக்கும் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணு நல்ல பொண்ணு. அறிவியல்லதான் கொஞ்சம் வீக்கு."

"சரிங்க சார்" என்றார் முருகானந்தம்.

அவர் அப்படித்தான். தீவனக் கம்பெனிக்காரர், பேங்க் மேனேஜர், தாலுகா ஆபீஸ்காரர் யார் பேசினாலும் முதலில் 'சரிங்க' வந்துவிடும், யோசனை பின்னால் நடந்து வரும். அன்றைக்கு அது வந்து சேர்ந்தபோது அபிநயா வழியின் அந்தக் கோடியில் நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருந்தாள்.

"எனக்கு வயித்துவலி இல்லீங்கப்பா" என்றாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவளுக்குப் பிடிக்கும் என்று தெய்வநாயகி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றி வைத்திருந்தாள். பிள்ளை தட்டைத் தொடவில்லை. வீக் என்று தாளாளர் சொன்னது அவளுக்குப் புதுசு இல்லை, ரிப்போர்ட் கார்டில் சிவப்பு மையில் வருஷா வருஷம் வருவதுதான். பெற்ற அப்பன் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாரே, அதைத்தான் அந்தப் பிள்ளையால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதுங்களா?" என்றாள் தெய்வநாயகி.

"என்னத்தக் கேக்கறது? பத்தாவது படிக்கிற புள்ள. அவருகிட்டப் பகைச்சுக்க முடியுமா?"

"இல்ல, உங்களுக்கு அவளப் பாத்து வெக்கமா இருக்குதா?"

"எனக்கென்னடி வெக்கம்? முக்குல உன்ற தம்பி ஊரறிய எழுதி வெச்சுட்டான். போயி எழுதி ஒண்ணும் தெரியாம வந்தா அவளுக்குத்தான வெக்கக்கேடு. அதுக்குத்தாஞ் சொன்னேன்."

"அவளுக்காகச் சொன்னீங்களா, உங்களுக்காகச் சொன்னீங்களா?"

 தெய்வநாயகி பதிலுக்காகக் காத்திருக்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் கோழிகள் மட்டும்தான் பேசின.

ஞாயிறு காலை இளவழகன் வந்தான். கோழி லேபில் வேலை அவனுக்கு. வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்ட தடுப்பு மருந்து கோழிகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க றெக்கை நரம்பில் ரத்தம் எடுத்துப் போவான். ஒரு செட்டுக் கோழி முழுவதற்கும் எடுக்க முடியாது. அங்கொன்று இங்கொன்றாகப் பிடித்து எடுத்தால் மொத்தத்தின் நிலவரம் தெரிந்துவிடும்.

அவன் ஊசியை எடுப்பதற்குள் முருகானந்தம் வாசலோர வரிசையில் கை விட்டு ஒரு கோழியைப் பிடித்துவிட்டார். நல்ல காற்றும் வெளிச்சமும் படுகிற வரிசை. கொண்டை செக்கச்செவேல் என்று, இறகு ஒன்று கலையாமல், பார்க்க லட்சணமான கோழி.

"அண்ணா, கைய எடுங்க. நானே புடிச்சுக்கறேன்" என்றான் இளவழகன்.

"நல்ல கோழியாப் பாத்துத்தானப்பா குடுக்கறேன்."

"அதுக்குத்தாஞ் சொல்றேன். போன பேட்சுலயும் இப்பிடித்தான் வாசக்கோழியாப் புடிச்சுப் புடிச்சுக் குடுத்தீங்க. ரிப்போர்ட்டு சூப்பரா வந்துச்சு. கடேசி வரிசைக்கு மருந்து சரியாப் போய்ச் சேரலைங்கறது, கோழி செத்து உழுகத் தொடங்கினப்பறந்தான தெரிஞ்சுது?"

தெய்வநாயகிக்கு வாய்ப்பு கிடைத்தது. "நல்லாக் கேளு தம்பி. லேப்புல இருந்து ஆளு வந்தா இவருக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி. சீவிச் சிங்காரிச்சதத்தான் முன்னால கொண்டாந்து நிறுத்துவாரு."

"பண்ணைக்கு ஒரு பேரு இருக்குதல்லொ" என்றார் முருகானந்தம், கோழியைக் கூண்டுக்குள் விட்டபடி.

இளவழகன் சிரித்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனான். காற்று எட்டாத மூலை. மற்ற கோழிகள் கொத்திக் கொத்திக் கழுத்தில் பாதி இறகு போன ஒன்றைப் பிடித்தான். வழக்கம்போல அபிநயாதான் றெக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கோழி அவள் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இந்தக் கோழிய உட்டுட்டு அப்பா காட்டறதையே எடுத்தா என்னாகுங்கண்ணா?"

"உங்கப்பாவுக்கு ரெண்டு நாளு சந்தோஷமா இருக்கும். கோழிக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

அவள் கோழியைப் பிடித்தபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம் என்னைய மட்டும் எதுக்குங்கப்பா ஊட்டுல நிறுத்தறீங்க?"

"கோழியும் நீயும் ஒண்ணா சாமி?"

"பொறுக்கறது ஒண்ணுதானுங்க. நாங்கள்லாம் வயித்துவலின்னு படுத்துக்கிட்டா, இங்க எல்லாருக்கும் எல்லாந் தெரியும்னு ரிப்போர்ட்டு போயிரும். எங்களுக்கு என்ன தெரியல, எதனால தெரியலைன்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க." விரித்த றெக்கையை அவள் விடவில்லை. "என்ற பேரும் வந்துதுங்கப்பா. ஒரே ஒருக்கா வந்துது."

செட்டில் அத்தனை கோழி கத்தியும் முருகானந்தத்துக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. இளவழகன் தலை குனிந்து ரத்தக் குப்பியை மூடினான். முருகானந்தம் மெல்ல நடந்து கடைசி வரிசைக்கு வந்தார். கூண்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்த, தானே பார்க்கப் பிடிக்காமல் தாண்டிப் போகும் ஒரு கோழியைப் பிடித்து வெளியே எடுத்தார்.

"இதுலயும் எடுத்துக்க தம்பி" என்றார். மகளைப் பார்த்து, "நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மத்தியானம் முட்டை ஏற்ற வந்த சின்னண்ணனிடம் தெய்வநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் தாளாளரை வைதான். பிறகு மச்சானை வைதான். மருமகளைக் கோழியோடு சேர்த்துப் பேசியதற்காக இளவழகனை, அவன் போன பிறகு, வைதான். வைது முடித்ததும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தான்.

"அப்ப நா எழுதி வெச்சது பொய்யா அம்மிணி?"

"பொய்யில்ல மாமா. இந்தியா சார்புலதான். ஆனா ஜெயிச்சு வந்த ஆளா இல்ல. சும்மா நிக்கற ஆளா."

"செரி, சும்மா நிக்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமல்ல?" அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "நாலஞ்சு பேருக்குச் சொல்லியிருக்கறதாச் சொன்னானாமே, அவியெல்லாம் யாரு?"

அபிநயாவுக்குத் தெரியும். கடைசி பெஞ்சுக்காரர்களுக்குள் எதுவும் மறைவில்லை. கௌசியா, கௌதமன், இன்னும் இரண்டு பேர். சின்னண்ணன் ஏற்றிய முட்டையை இறக்கக்கூடவில்லை. மச்சானைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, முட்டை குலுங்காத வேகத்தில் வீடு வீடாகப் போனான். மூன்று வீட்டில் உடனே தலையாட்டினார்கள். நாமகிரிப்பேட்டைச் சந்தையை ஒட்டித் துணிக்கடை வைத்திருக்கும் கௌசியாவின் அம்மா ஜஹானாராதான் தயங்கினார்.

"பள்ளியிலேயே வேணாம்னு சொல்லிட்டாங்களே. நாம மீறிப் போனா நல்லா இருக்குமா?"

சின்னண்ணன் வாயைத் திறப்பதற்குள் முருகானந்தம் பேசினார். அன்றைக்கு அவருக்கு என்னவோ ஆகியிருந்தது.

"என்ற புள்ள நாப்பத்தொண்ணு மார்க்குங்க. நாங் கூட்டிட்டுப் போறேன். உங்க புள்ள எவ்வளவுங்க?"

"முப்பத்தெட்டு."

"அப்பறமென்னுங்க?"

ஜஹானாரா சிரித்துவிட்டார். உள்ளே திரும்பி, "கௌசியா, யூனிபாரத்த எடுத்து வை" என்றார்.

திங்கட்கிழமை காலை தெய்வநாயகி இட்லி சுட்டாள். பரீட்சைக்குப் போகிற நாளில் முட்டை ஆகாது. முட்டையிலேயே பிழைக்கிற பண்ணை வீட்டுக்கும் அந்தச் சட்டத்தில் சலுகை கிடையாது. மார்க்கே கிடையாதே, முட்டை மார்க் எப்படி வரும் என்று அபிநயா கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு இட்லி வைத்தாள். சின்னண்ணன் வண்டியைக் கழுவி, முட்டை அட்டைகளை ஓரங்கட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். பிள்ளைகள் கண்ணில் ஒரு முட்டை படக்கூடாது என்று அவனுக்கு அக்காவின் உத்தரவு. அபிநயா முன்னால் மாமன் பக்கத்தில் ஏற, முருகானந்தம் பின்னால் விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்து, மற்ற நாலு பிள்ளைகளும் ஏற ஏறக் கை கொடுத்தார்.

"இதுல யாரு பர்ஸ்ட் மார்க்கு?" என்று சின்னண்ணன் ஓட்டியபடியே கத்திக் கேட்டான்.

சத்தமே இல்லை.

"செரி, யாரு கடேசி மார்க்கு?"

அதற்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்தது. தான்தான் என்றான் கௌதமன். கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் தான்தான் என்றாள் கௌசியா. இருவருக்கும் நடுவே முருகானந்தம் தீர்ப்புச் சொல்ல முடியாமல் விழித்தார். இவ்வளவு சந்தோஷமாகப் பரீட்சைக்குப் போன பிள்ளைகளை அந்த ரோடு பார்த்திருக்காது.

பள்ளி கேட்டில் தாளாளர் நின்றிருந்தார். பக்கத்தில் பரீட்சை நடத்தச் சென்னையிலிருந்து வந்த அம்மா, கையில் பெயர்ப்பட்டியலோடு. முட்டை வண்டியிலிருந்து ஒவ்வொருவராகக் குதிப்பதைப் பார்த்துத் தாளாளரின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஜெயப்பிரியா டீச்சர் படியில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களே" என்றார் அந்த அம்மா, பட்டியலைப் புரட்டியபடி.

தாளாளர் முருகானந்தத்தைப் பார்த்தார். வழக்கமான பார்வைதான். அதற்கு வழக்கமான பதிலும் ஒன்று உண்டு. முருகானந்தத்தின் தொண்டை வரைக்கும் அது வந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த அபிநயாவுக்கே தெரிந்தது.

"இல்லீங்க சார்" என்றார். "அஞ்சு பேரும் நல்லாத்தானுங்க இருக்கறாங்க. இவங்களுக்குத் தெரியறது கொஞ்சந்தானுங்க. அந்தக் கொஞ்சத்த எழுதட்டுங்க. பள்ளிக்கோடத்துல அத எதுக்குங்க மறைக்கறது?"

தாளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியூர் அம்மா முந்திக்கொண்டார். "வாங்க பிள்ளைங்களா. நேரமாச்சு, உள்ள போங்க." ஐந்தும் ஓடின. தாளாளர் நகர்ந்து வழி விட்டார். என்ன இருந்தாலும் பிள்ளைகளோடு பழகிய மனுஷன், கடைசியாக ஓடிய கௌதமனின் சட்டைக் காலரை மடித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

பெற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. முருகானந்தமும் சின்னண்ணனும் ஹாலுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஜன்னல் வழியாக வரிசையாய்க் கம்ப்யூட்டர்கள் தெரிந்தன, பிள்ளைகளின் முதுகு தெரிந்தது. அபிநயாவின் ஜடை எது என்று கண்டுபிடிக்கச் சின்னண்ணன் எம்பி எம்பிப் பார்த்தான்.

"ஏனுங்க மச்சான், நெசமாவே மார்க்கு வராதா?"

"வராது மாப்பிள்ள."

"அப்ப நல்லா எழுதினாளா இல்லியான்னு நமக்குக் கடேசி வரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

சின்னண்ணன் எம்புவதை விட்டான். "பொளச்சுப் போவுது போங்க" என்றான்.

உள்ளே அந்த அம்மா பெயர் வாசிக்கத் தொடங்கினார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தியின் பெயருக்குக் கணீரென்று ஒன்று. கௌசியா என்றபோது வேகமாக ஒன்று. கௌதமன் என்றபோது கரகரப்பாக ஒன்று. வரவில்லை என்று கோடு போட்டு விட்டுவிடுவதற்கு ஒரு பெயரும் இல்லை.

"மு. அபிநயா."

"உள்ளேன் டீச்சர்!"

கோழிச் செட்டில் வளர்ந்த தொண்டை, ஹாலைத் தாண்டி வேப்பமரத்துக்கும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற முருகானந்தம், அந்தப் பெயரைத் தன்னிடம் கேட்ட மாதிரி, "ஆமாங்க, என்ற புள்ளைதானுங்க" என்றார்.